தினை விற்கும்போது ஒரு வார்த்தை

குன்னூரில் எங்கள் மண்டியில் தினை வாங்குவோரில் பலர் லவ் பேர்ட்ஸ் என்னும் சிறு கிளிகளுக்கே வாங்குகிறார்கள். சென்ற மாதம் வாடிக்கைச் சிறுவன் ஒருவன், "இனிமே தினை வேண்டாம் தாத்தா, குருவி செத்துப்போச்சு" என்றான். விசாரித்தோம். ஆசையாகப் பட்டர் புரூட் ஊட்டியிருக்கிறார்கள். அந்தப் பழத்தை விற்றதும் நம்மவர்தான்.

அதிலுள்ள பெர்சின் என்னும் பொருள் நமக்குக் கெடுதல் செய்வதில்லை. கிளியின் இதயத்தைத் தாக்கி ஓரிரு நாளில் கொன்றுவிடும். ஊட்டி சாக்லேட்டும் அதற்கு விஷமே, வர்க்கியும் ஆகாது. நம் மலைக் கேரட்டைக் கழுவித் துருவிக் கொடுக்கலாம். கொத்தமல்லித் தழை, விதை நீக்கிய ஆப்பிள் துண்டு நல்லது. சூரியகாந்தி விதையில் கொழுப்பு அதிகம், ஓரிரண்டு போதும். 

நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் கேட்பவருக்குச் சொல்ல வேண்டும்.

எடை போட்டுக் காசு வாங்குவதோடு வியாபாரம் முடிவதில்லை. உண்மையைச் சொன்னால் சூரியகாந்தி விதை கொஞ்சம் குறைவாகத்தான் விற்கும்; குறையட்டும். குருவி உயிரோடிருந்தால்தான் அந்தச் சிறுவன் அடுத்த மாதமும் நம் கடைப் படியேறுவான்.