தள்ளிப்போட்ட அறுவைகள்

2020 மார்ச் 23 அன்று நியூ ஜெர்சி ஆளுநர் ஃபில் மர்ஃபி 109ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். 27ஆம் தேதி மாலை 5 மணி முதல் மாநிலமெங்கும் 'எலெக்டிவ்' அறுவை சிகிச்சைகள் நின்றன. பார்சிப்பனிக்காரர்கள் வழக்கமாகப் போகும் மாரிஸ்டவுன், டென்வில் மருத்துவமனைகளும் இதில் அடக்கம். மே 26 அன்றுதான் தடை நீங்கியது.

எலெக்டிவ் என்றதும் மூக்கைத் திருத்திக்கொள்ளும் ஆடம்பர சிகிச்சை என்று நினைத்தவர்கள் நம்மில் பலர். ஆணை தந்த விளக்கம் வேறு. நோயாளியின் இப்போதைய, பிற்கால உடல்நலத்துக்கு மிகுந்த ஆபத்தின்றித் தள்ளிவைக்கக் கூடியது எது என்பதைச் சிகிச்சையளிக்கும் மருத்துவரே முடிவு செய்வார். முழங்கால் மாற்று, கண்புரை, குடலிறக்கம் எல்லாம் இதற்குள் வரும். முழங்கால் தேய்ந்தவர் தேய்மானத்தையா விரும்பித் தேர்ந்தெடுத்தார்? அவர் தேர்ந்தெடுக்க முடிந்தது தேதியை மட்டுமே.

மருத்துவமனையில் செலவும் வருமானமும் மிகுந்த இடம் ஆபரேஷன் தியேட்டர். அதனால் அங்கே நிமிடக் கணக்கு பார்ப்பார்கள். காலையில் முதல் கேஸ் நேரத்துக்குத் தொடங்கியதா, ஒருவரை வெளியே கொண்டுபோய் அடுத்தவரை உள்ளே கொண்டுவர எவ்வளவு நேரம் என்றெல்லாம். கொரோனா இந்தக் கணக்கைக் குலைத்தது. மயக்க மருந்துக்காகத் தொண்டையில் குழாய் செருகும்போதும் எடுக்கும்போதும் கிருமி காற்றில் பரவலாம். மணிக்கு 15 முறை காற்று மாறும் அறையில் 99.9 சதவீதம் தூய்மையாக 28 நிமிடம் ஆகும். இரண்டு முறை காத்திருந்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போயிற்று. பரிசோதனை, கவச உடை எல்லாம் தனி.

இதை மெத்தனம் என்று சொல்ல முடியாது. 24 நாடுகளில் அறுவையை ஒட்டிக் கொரோனா தொற்றிய 1,128 பேரில் 23.8 சதவீதத்தினர் 30 நாளுக்குள் இறந்ததாக 2020 மே மாதம் லான்செட் இதழ் வெளியிட்டது. மெதுவாக நடந்த தியேட்டர்தான் அப்போது நல்ல தியேட்டர். அளவுகோலில் அதற்கு இடமில்லை, அவ்வளவுதான்.

வேகத்துக்கு உலகமே உதாரணம் காட்டுவது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை. இரண்டு மேசைகளில் மாறி மாறி அறுவை நடக்கும். ஒருவருக்கு முடியும்போது அடுத்தவர் தயாராக இருப்பார். கிராம முகாம்களில் கண்புரை கண்டுபிடிக்கப்பட்டவர்கள் பேருந்தில் வந்து சேர்வதும் இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி. 2020 மார்ச் ஊரடங்கில் முகாம்களும் நின்றுபோயின. இங்கே மாரிஸ்டவுனில் ஒருவருக்கு அறுவை தள்ளிப்போனால் அவர் பெயர் ஏதோ ஒரு பட்டியலிலாவது இருக்கும். முகாமே நடக்காத ஊரில் பார்வை மங்கிய பாட்டியின் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கும்?

அமெரிக்காவில் முதல் முடக்கத்தின்போது அறுவைகள் 48 சதவீதம் குறைந்தன, கண்புரை பத்தில் ஒன்பது பங்கு குறைந்தது என்று ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2021 இறுதியில் எழுதினார்கள். பிறகு எண்ணிக்கை விரைவிலேயே முந்தைய ஆண்டு நிலைக்குத் திரும்பிவிட்டதாம். அந்தக் குளிர்காலத்தில் தொற்று இன்னும் கடுமையாக இருந்தும் முன்போல் விழவில்லை. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் பழைய வேகத்துக்குத் திரும்பினால் பழைய பாக்கி தீராது. 12 வாரங்களில் உலகெங்கும் 2 கோடியே 84 லட்சம் அறுவைகள் தள்ளிப்போகும் என்று கணித்த கோவிட்சர்ஜ் குழு, வழக்கத்தைவிட 20 சதவீதம் கூடுதலாகச் செய்தாலும் நிலுவை தீர 45 வாரம் ஆகும் என்றது.

அந்த 20 சதவீதத்துக்கு அறை இருக்கிறது, மேசை இருக்கிறது. ஆட்கள்? 2023 ஆகஸ்டில் நியூ பிரன்ஸ்விக்கின் ராபர்ட் வுட் ஜான்சன் பல்கலைக்கழக மருத்துவமனையில் சுமார் 1,700 செவிலியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களுடைய முக்கியக் கோரிக்கை, ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிகள்தான் என்ற வரம்பு. அவர்கள் வேலைக்குத் திரும்ப டிசம்பர் ஆகிவிட்டது.