டப்பாவில் மிச்சமிருக்கும் நாலு மாத்திரை!

உங்கள் வீட்டிலும் அந்த டப்பா இருக்குமே... பழைய பிஸ்கட் டப்பா! திறந்தால் பாதி பாதியாகக் கத்தரித்த மாத்திரை அட்டைகள். 'இது அப்பாவுக்குப் போன தடவை கொடுத்தது', 'இது பையனுக்கு வாங்கி மிச்சமானது' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சரித்திரம். எங்கள் வீட்டு டப்பாவைப் போன மார்கழியில் காலி செய்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

நாங்கள் குடியிருப்பது மதுரை காளவாசல். எங்கள் பக்கம் காளவாசல் என்றாலே செங்கல் சுடும் சூளை என்றுதான் அர்த்தம். இப்போது தேனி ரோடும் பைபாஸ் ரோடும் சந்திக்கிற இடத்தில் வண்டிப் புகை! என் அப்பாவுக்கோ இதெல்லாம் போக, முப்பது வருஷ பீடிப் புகை. டாக்டர் சொன்ன பெயர் 'சி.ஓ.பி.டி.'. மூச்சுக் குழாய்கள் சுருங்கி, பழைய நிலைக்கு முழுசாகத் திரும்பாத நாள்பட்ட நுரையீரல் நோய். பீடியைத் தொடாமல், வருஷக்கணக்கில் விறகடுப்பு ஊதியே இந்த நோயை வாங்கிக்கொண்ட அம்மாக்களும் அப்பத்தாக்களும் நம்மூரில் உண்டு.

அப்பா தும்மினாலே எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். நேரே மருந்துக் கடைதான். "அண்ணே, அப்பாவுக்குச் சளி. போன தடவை குடுத்தீங்களே, அதே மாத்திரை அஞ்சு குடுங்க!" அவரும் கொடுப்பார். ரெண்டு நாள் சாப்பிடுவார், வயிற்றால் போகும், நிறுத்திவிடுவோம். மிச்சம் டப்பாவுக்குள் போய்விடும்.

அப்புறம் 'ஆன்டிபயாடிக் கெடுதல்' என்று எங்கேயோ படித்தேன். அவ்வளவுதான், அடுத்த சளிக்கு மாத்திரையே வேண்டாம், கஷாயம் போதும் என்று முடிவு கட்டினேன். மூணாம் நாள் அப்பாவின் சளி பச்சையாக மாறியது. அளவும் கூடியது. "சரியாப் போயிரும்ப்பா" என்றேன். அஞ்சாம் நாள் ராத்திரி, அப்பாவால் ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை. ஆஸ்பத்திரியில் எட்டு நாள்!

வேண்டாதபோது கொடுத்தேன், வேண்டியபோது டாக்டரிடம்கூடக் கேட்காமல் இருந்தேன். இரண்டுமே என் தப்பு. அதனால்தான் சொல்கிறேன்... 'சளி வந்தால் ஆன்டிபயாடிக்' என்பதும் தப்பு. 'சளிக்கு ஆன்டிபயாடிக்கே கூடாது' என்பது, நுரையீரல் நோயாளியைப் பொறுத்தவரை, அதுவும் தப்பு.

மூன்று கேள்விகள்

ஜலதோஷம் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. நல்ல நுரையீரல் உள்ளவர் ஒரு வாரம் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்துவிடுவார். ஆனால் ஏற்கெனவே சுருங்கிய மூச்சுக் குழாயில் அதே வைரஸ் பெரிய இழுப்பைக் கிளப்பும். சில பேருக்கு அதன் பின்னாலேயே பாக்டீரியாவும் புகுந்துகொள்ளும். இது வெறும் சளியா, அதற்கு மேலேயா என்று கண்டுபிடிப்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இதற்கு 1987-ல் கனடாவின் டாக்டர் ஆன்தோனிசன் குழுவினர் ஒரு வழி காட்டினார்கள். மூன்றே கேள்விகள்:

மூச்சுத் திணறல் வழக்கத்தைவிட அதிகமா? நெஞ்சுச் சளியின் அளவு கூடியிருக்கிறதா? வெள்ளையாக இருந்த சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியிருக்கிறதா?

மூன்றும் 'ஆமாம்' என்றவர்களுக்கு ஆன்டிபயாடிக் நன்றாகப் பலன் தந்தது. ஒன்றே ஒன்று இருந்தவர்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இன்றைக்கும் டாக்டர்கள் கிட்டத்தட்ட இதே கணக்கைத்தான் போடுகிறார்கள்: மூன்றும் இருந்தால் கொடு, அல்லது நிற மாற்றத்தோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தால் கொடு. கவனியுங்கள், இது நெஞ்சிலிருந்து வரும் சளி. மூக்குச் சளி பச்சையானால் பதற வேண்டாம். இந்தக் கணக்கு ஆஸ்துமாவுக்கும் பொருந்தாது. அங்கே ஆன்டிபயாடிக் வழக்கமான மருந்தே அல்ல.

விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து 'சி.ஆர்.பி.' பார்ப்பதும் உதவும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 653 சி.ஓ.பி.டி. நோயாளிகளிடம் இதைச் சோதித்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான முறையில் நூற்றுக்கு 77 பேர் ஆன்டிபயாடிக் சாப்பிட்டார்கள். ரத்தம் பார்த்தபோது 57 பேர்தான். அதனால் யாருடைய உடம்பும் மோசமாகிவிடவில்லை!

'ஒரு மாத்திரைதானே!'

அப்படி நினைத்துத்தான் நானும் வாங்கினேன். இழுப்புக்குத் தியோபிலின் மாத்திரை சாப்பிடுகிறவர் கூடவே சிப்ரோஃப்ளாக்ஸசின் போட்டுக்கொண்டால், ரத்தத்தில் தியோபிலின் ஏறி, படபடப்பில் ஆரம்பித்து வலிப்பு வரைக்கும் போகலாம். லீவோஃப்ளாக்ஸசின் வகை மாத்திரையோ, உள்ளே காசநோய் இருந்தால் அதைக் கொஞ்ச நாள் அமுக்கி வைத்து ஏமாற்றிவிடும். ரெண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனைதான் முதல் வேலை. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்; நம் மதுரைக்குப் பக்கத்தில் தோப்பூரில் நெஞ்சக நோய்களுக்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது.

இன்னொன்று. மருந்துக்கு அடங்காத கிருமிகள் வெளிநாட்டுச் சமாச்சாரம் இல்லை. 2010-ல் 'என்.டி.எம்.-1' பற்றி வந்த ஆராய்ச்சிக் கட்டுரையிலேயே சென்னை நோயாளிகளின் கிருமிகள் இருந்தன. 2014 மார்ச் முதல் 'ஹெச்1' பட்டியலில் உள்ள ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. விற்றதை நோட்டில் எழுதி வைக்க வேண்டும் என்பது சட்டம். என் கேள்வி, சட்டம் இருந்தென்ன, 'அண்ணே, அதே மாத்திரை' என்று கேட்கிறவர்கள் நாம்தானே? நுரையீரல் நோயாளிக்கு ஆயுளில் பல தடவை ஆன்டிபயாடிக் தேவைப்படும். வெறும் சளிக்கு அதை வீணடித்தால் உயிருக்குப் போராடும் நாளில் அது கை கொடுக்குமா?

சளி வருமுன் கேளுங்கள்

அடுத்த செக்கப்பிலேயே டாக்டரிடம் கேளுங்கள்: "சளி பிடிச்சா நாங்க என்ன பார்க்கணும்? எப்போ உங்களுக்குப் போன் பண்ணணும்? எந்த மருந்து, எத்தனை நாள்?" ஒரு தாளில் எழுதி வாங்கி பீரோ கதவில் ஒட்டுங்கள். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். சளி இருக்கிறதே என்று இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். அப்போதுதான் அது ரொம்பத் தேவை. உதடு நீலம் பாரித்தாலோ, பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, தூங்கி வழிந்தாலோ, பேச்சு குழம்பினாலோ கேள்வியும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிதான்!

அப்புறம், ஆடிக் காற்றில் தூசி கிளம்பி அப்பாவுக்கு மறுபடி சளி. வெள்ளைக் கிண்ணத்தில் துப்பச் சொல்லிப் பார்த்தேன். நிறம் மாறவில்லை, அளவும் வழக்கம்போல. மூச்சும் அப்படியே. டாக்டருக்குப் போன் செய்தோம். "இன்ஹேலரை விடாதீங்க, வெந்நீர் குடிக்கட்டும், தினமும் இதே மாதிரி பாருங்க" என்றார். ஒரு வாரத்தில் அப்பா பழையபடி டீக்கடைக்கு நடந்துவிட்டார்.

டப்பாவா? அதில் இப்போது நிஜமாகவே பிஸ்கட் இருக்கிறது!