ஸ்கேன் பண்ணிட்டா வேலை முடிஞ்சுதா?

எங்கள் பி.காம். பாடத்தில் அலுவலக மேலாண்மை என்று ஒரு தாள் உண்டு. அதில் ஃபைலிங், இண்டெக்ஸிங் பற்றி ஒரு யூனிட். "நல்ல கோப்பு முறையின் பண்புகள் யாவை?" என்று ஒரு கேள்வி வரும். பாயிண்ட் பாயிண்டாக எழுதி மார்க் வாங்கிக்கொண்டு மறந்துவிடுவோம். "எல்லாம்தான் கம்ப்யூட்டருக்கு வந்தாச்சே, இன்னும் எதுக்குடா இந்த யூனிட்?" என்று வகுப்பில் நிறைய பேர் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு. என் கட்சி என்னவென்றால், கம்ப்யூட்டருக்கு வந்த பிறகுதான் அந்த யூனிட்டுக்கு வேலையே அதிகம்.

ஒரு நடுத்தர நிறுவனம் "நாங்க டிஜிட்டல் ஆயிட்டோம்" என்று சொன்னால் பெரும்பாலும் அதற்கு என்ன அர்த்தம்? ஒரு ஸ்கேனர் வாங்குவார்கள். தற்காலிகமாக இரண்டு பையன்களைப் போட்டு, பீரோவில் இருக்கிற காகிதத்தை எல்லாம் உள்ளே தள்ளச் சொல்வார்கள். ஸ்கேன்0001, ஸ்கேன்0002 என்று பி.டி.எஃப்.கள் வரிசையாக விழும். "நியூ ஃபோல்டர்", அதற்குள் இன்னொரு "நியூ ஃபோல்டர்". பிறகு காகிதத்தை எடைக்குப் போட்டுவிட்டு, காலியான இடத்தில் ஒரு டேபிள் போடுவார்கள்.

பழைய பீரோவில் ஒரு வசதி இருந்தது. பாக்ஸ் ஃபைலின் முதுகில் "2009-10 பர்ச்சேஸ் பில்" என்று யாராவது மார்க்கரில் எழுதியிருப்பார்கள். எது எங்கே என்று தெரிந்த ஒரு சீனியர் கிளார்க் இருப்பார். முதுகு எழுத்தும் அந்த கிளார்க்கும்தான் இண்டெக்ஸ். ஸ்கேன் செய்யும்போது காகிதம் மட்டும் உள்ளே போனது, இண்டெக்ஸ் வெளியே நின்றுவிட்டது. முன்பு பீரோவில் இருந்த குப்பை இப்போது ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது, அவ்வளவுதான்.

தேட முடியாவிட்டால் என்ன குடி முழுகிப் போகும் என்று கேட்பீர்கள். ஒரு நிஜமான விவகாரத்தைச் சொல்கிறேன்.

பி.எஃப். பிடிக்கிற நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு 1995 நவம்பரிலிருந்து ஒரு பென்ஷன் திட்டம் இருக்கிறது. அதில் பென்ஷனைக் கணக்கிடும் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. முதலில் 5,000 ரூபாய், 2001-ல் 6,500, 2014 செப்டம்பரிலிருந்து 15,000. வரம்புக்கு மேல் வாங்கிய முழுச் சம்பளத்துக்கும் பங்கு கட்டி அதிக பென்ஷன் பெறலாமா என்பது பல வருடங்கள் கோர்ட்டில் கிடந்தது. 2022 நவம்பர் 4-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதன்படி தகுதியுள்ளவர்கள் விண்ணப்பித்தார்கள். ஆனால் விண்ணப்பம் போட்டால் மட்டும் போதாது. அந்த ஊழியரின் பழைய சம்பள விவரங்களை நிறுவனமும் சரிபார்த்து ஏற்ற வேண்டும். அதற்கான கெடுவை பி.எஃப். அமைப்பு திரும்பத் திரும்ப நீட்டித்து, கடைசியில் 2025 ஜனவரி 31 என்றது. 2024 டிசம்பரில் அப்படி நீட்டித்தபோதுகூட 3 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் நிறுவனங்களிடமே தேங்கிக் கிடந்தன.

இத்தனையும் ரெக்கார்டு தொலைந்ததால்தான் தேங்கின என்று நான் சொல்ல வரவில்லை. காரணம் பல இருக்கலாம். ஆனால் இருபது, இருபத்தைந்து வருடத்து வேஜ் ரிஜிஸ்டரை எடுத்து, ஒருவரின் மாதாமாதச் சம்பளத்தைச் சொல்ல எத்தனை கம்பெனியால் முடியும்? முடியாத இடத்தில் நஷ்டம் கம்பெனிக்கு இல்லை. முப்பது வருடம் உழைத்து ரிடையர் ஆகி வீட்டில் உட்கார்ந்திருக்கிற மனிதருக்குத்தான்.

இங்கேதான் நம் பாடப்புத்தகத்தில் தெளிவாகச் சொல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது. கம்பெனிகள் சட்டம் 2013 (பிரிவு 128) கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்கு வைத்திருக்கச் சொல்கிறது. ஜி.எஸ்.டி. சட்டமோ, ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் என்கிறது. இந்த எண்களை மனப்பாடம் செய்துகொண்டு "எட்டு வருஷம் ஆச்சா, தூக்கிப் போடு" என்று எல்லாக் காகிதத்துக்கும் ஒரே கத்தரியைப் போடுகிறார்கள். டீ பில்லுக்கும் வேஜ் ரிஜிஸ்டருக்கும் ஒரே ஆயுளா? அந்த எண்கள் அரசாங்கம் எவ்வளவு காலம் கேள்வி கேட்கும் என்பதற்கான கணக்கு. ஊழியர் எவ்வளவு காலம் கழித்து வந்து கேட்பார் என்பது வேறு கணக்கு. ஒரு காகிதத்தை எவ்வளவு நாள் வைக்க வேண்டும் என்பதை, அதை நம்பி யாருடைய உரிமை இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்து, ஸ்கேன் ஆனதெல்லாம் சரியாக ஆனதா? 2013-ல் டேவிட் க்ரீசல் என்ற ஜெர்மன் கணினியியலாளர் ஒரு வினோதத்தை வெளியிட்டார். ஒரு கட்டட வரைபடத்தை ஸ்கேன் செய்தபோது, 21.11 சதுர மீட்டர் என்று இருந்த அறை 14.13 ஆக மாறியிருந்தது. படம் மங்கலாகவெல்லாம் இல்லை. பளிச்சென்று, தப்பான எண்! ஃபைல் அளவைச் சுருக்குவதற்காக, ஒன்றுபோலத் தெரிகிற எழுத்துகளுக்கு ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டுகிற முறை அதில் இருந்தது. அந்த முறை ஏமாந்துவிட்டது. சில இடங்களில் 6 என்பது 8 ஆனது. இதைச் செய்த மெஷினின் கம்பெனி எது தெரியுமா? ஜெராக்ஸ்! நாம் நகலுக்கே எந்தப் பெயரை வைத்திருக்கிறோமோ அதே கம்பெனிதான். :-) பிறகு மென்பொருள் திருத்தம் வெளியிட்டார்கள். ஆனால் அதற்குள் அசலைக் கிழித்துப் போட்டவர்கள் எதை வைத்து ஒப்பிடுவார்கள்? வவுச்சரில் ஓர் இலக்கம் மாறினால் என்ன ஆகும் என்று காமர்ஸ் மாணவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கோர்ட்டும் எலக்ட்ரானிக் பிரதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில்லை. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தில் (பிரிவு 63), எலக்ட்ரானிக் பதிவோடு ஒரு சான்றிதழும் தர வேண்டும். அதில் ஃபைலின் ஹேஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். ஹேஷ் என்பது ஃபைலின் கைரேகை மாதிரி. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் அதுவும் மாறிவிடும். யார், எப்போது, எந்தக் கருவியில் ஏற்றினார்கள் என்று எழுதி வைக்காத நிறுவனம் அந்தச் சான்றிதழில் எதை நிரப்பும்?

இதனால் நான் காகிதக் கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் எத்தனை பேரின் பத்திரமும் சர்டிபிகேட்டும் ஊறிப் போயின என்று நமக்குத் தெரியும். நகல் வாங்கித் தர அரசு சிறப்பு முகாம் நடத்த வேண்டியிருந்தது. டிஜிட்டல் கண்டிப்பாக வேண்டும். ஆனால் ஒழுங்காக வேண்டும். என் புத்திக்கு எட்டிய வரை, குறைந்தபட்சம் இவ்வளவாவது செய்யலாம்:

1. இன்றைய காகிதத்திலிருந்து தொடங்குங்கள். இன்று வருகிற பில் ஒழுங்காக உள்ளே போகட்டும். பழைய மூட்டைகளை அப்புறம் பிரிக்கலாம், அதிலும் சம்பளம், பி.எஃப். ரெக்கார்டுகளுக்கே முதலிடம்.

2. ஃபைல் பெயருக்கு ஒரே விதி. தேதி, பார்ட்டி பெயர், பில் நம்பர் என்று எல்லோரும் ஒரே வரிசையில் வைக்க வேண்டும்.

3. பொறுப்புக்கு ஒருவர். "எல்லோரும் பார்த்துக்குவாங்க" என்றால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

4. அசலை அழிக்கும் முன் எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். உயில் போன்றவற்றின் அசலை அழிக்கவே கூடாது. உயிலுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 பொருந்தாது.

5. பேக்கப் வேறு இடத்தில் இருக்கட்டும். கணக்குகளை எலக்ட்ரானிக் முறையில் வைக்கும் கம்பெனிகள் இந்தியாவில் உள்ள சர்வரில் தினசரி பேக்கப் வைக்க வேண்டும் என்று 2022-ல் விதியே வந்துவிட்டது.

6. எதை எப்போது அழிப்பது என்று பட்டியல் போடுங்கள். வேலைக்கு விண்ணப்பித்துக் கிடைக்காமல் போனவரின் ஆதார் நகல் பத்து வருடம் கழித்தும் உங்கள் சர்வரில் எதற்கு?

இதெல்லாம் சரியாக நடக்கிறதா என்று சோதிக்க கன்சல்டன்ட் தேவையில்லை. நேற்று வேலைக்குச் சேர்ந்த ஒருவரைக் கூப்பிட்டு, "2016 மார்ச் மாதச் சம்பளப் பதிவேட்டை எடுத்துக் கொடு" என்று சொல்லுங்கள். யாரையும் கேட்காமல் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டால் அந்த நிறுவனம் டிஜிட்டல் ஆகிவிட்டது. "அந்த அக்கா லீவு, அவங்களுக்குத்தான் தெரியும்" என்று பதில் வந்தால், வாங்கியது ஸ்கேனர் மட்டும்தான்.

நம்மில் பாதிப் பேர் இரண்டு வருடத்தில் ஏதாவது ஓர் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் உட்காரப் போகிறோம். நாம் பெயர் வைக்கப் போகிற ஃபைலைத் தேடிக்கொண்டு இருபது வருடம் கழித்து ஒருவர் வருவார். அப்போது நாம் அந்த நாற்காலியில் இருக்க மாட்டோம், ஃபைல் பெயர் மட்டும்தான் இருக்கும். மறுத்துச் சொல்ல ஏதாவது இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், பேசலாம்.