'ஹேவ்' மேல் போட்ட சிவப்புக் கோடு

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று பேத்தி இங்கிலீஷ் நோட்டோடு வந்தாள். 'வென் ஐ ஹேவ் ஃபினிஷ்டு மை ஹோம்வொர்க், ஐ வில் ப்ளே' என்று எழுதியிருக்கிறாள். 'ஹேவ் ஃபினிஷ்டு' மேல் சிவப்புக் கோடு. அதற்கு மேலே 'வில் ஃபினிஷ்' என்று திருத்தம். நடந்து முடிந்ததற்குத்தான் 'ஹேவ்' போட வேண்டும் என்று சொன்னார்களாம். "எது தாத்தா சரி?" என்றாள்.

குழந்தை எழுதியதுதான் சரி. திருத்தம்தான் தப்பு.

வென், ஆஃப்டர், அன்டில், ஆஸ் சூன் ஆஸ் என்று தொடங்கி நேரத்தைச் சொல்லும் துணை வாக்கியத்தில், வருங்காலத்துக்கு 'வில்' போடுவதில்லை. சிம்பிள் பிரசன்ட் வரும். காரியம் முழுசாக முடிந்திருக்க வேண்டும் என்றால் பிரசன்ட் பர்ஃபெக்ட் வரும்.

"சிம்பிள் பிரசன்டே போதுமே, சார்?" என்பீர்கள். 'வென் ஹி கம்ஸ்' என்றால் போதும்தான். வந்து சேர்வது ஒரு நொடி. ஆனால் 'வென் யூ ஈட், டேக் திஸ் டேப்லெட்' என்றால் சாப்பிடும்போதே மாத்திரை போடச் சொன்னதாகவும் ஆகும். 'வென் யூ ஹேவ் ஈட்டன்' என்றால் சாப்பிட்டு முடித்த பிறகுதான். மாத்திரைச் சீட்டில் இந்த வித்தியாசம் சின்ன விஷயமா? 'ஆஃப்டர்' போட்டால் அந்தச் சொல்லே முன்பின் காட்டிவிடும். அங்கே இரண்டும் சரி.

இதைப் புரியவைக்க லண்டன் போக வேண்டாம். நாம் என்ன சொல்கிறோம்? 'நாளைக்கு நீ வந்த பிறகு போகலாம்.' வரப்போவது நாளைக்கு, சொல்வதோ 'வந்த'! 'வரும் பிறகு' என்று யாராவது சொல்கிறோமா? அதே சமயம், 'எப்போது வருவான் என்று தெரியாது' என்கிறோம். ஆங்கிலத்திலும் அங்கே 'வில்' வரும்: 'ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்.' அது நேரத்தைக் குறிப்பதில்லை, தெரியாத விஷயத்தைச் சொல்கிறது. எல்லா இடத்திலும் இரண்டு மொழியும் ஒத்துப்போகாது, ஆனால் இங்கே போகிறது. பிள்ளையின் வாயில் ஏற்கெனவே இருக்கும் இலக்கணத்தை, 'இங்கிலீஷ் வகுப்பில் தமிழ் பேசாதே' என்று அடைத்துவிட்டு, சூத்திரத்தை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம்.

அந்த ஆசிரியரை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. 'ஜஸ்ட், ஆல்ரெடி, யெட் வந்தால்தான் பர்ஃபெக்ட்' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நானும்தான். ஆரம்ப வருடங்களில் இதே வாக்கியத்துக்கு உங்களில் சிலருக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன். அவர்களிடம் இன்று மன்னிப்புக் கேட்கிறேன்.

உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கு ஒன்று: கோடு போடுமுன் பிள்ளையிடம், "இதைத் தமிழில் எப்படிச் சொல்வாய்?" என்று கேளுங்கள்.

மறுப்பு இருந்தால் கமெண்டில் எழுதுங்கள். முழுதும் படித்து முடித்த பிறகு!