துப்பாக்கியோட வெளி மாநிலம் போறீங்களா? 30 நாள் கெடு!

சந்தவாசல்: ராணுவத்தில் ஓய்வு பெற்ற நம்மூர்க்காரர், சொந்தத் துப்பாக்கியுடன் பெங்களூருக்கு செக்யூரிட்டி வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'அதான் லைசென்சு இருக்கே' என்று சும்மா இருந்துவிட முடியாது.

முதலில், லைசென்சில் எந்த எல்லை வரை போட்டிருக்கிறது என்று பார்க்கணும். தமிழகம் மட்டும் என்றால் ஓசூரைத் தாண்டினால் செல்லாது. எல்லையை நீட்டி வாங்கிய பிறகே துப்பாக்கியை எடுத்துச் செல்ல வேண்டும்.

அடுத்து, குடிபோன 30 நாளுக்குள் இரண்டு இடத்தில் தகவல் கொடுக்கணும். ஒன்று, லைசென்சு தந்த திருவண்ணாமலை கலெக்டர். இன்னொன்று, பெங்களூர் போலீஸ் கமிஷனர்.

2019-ல் ஆயுதச் சட்டம் கடுமையாகிவிட்டது. லைசென்சு இல்லாத துப்பாக்கிக்கு குறைந்தது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் ஜெயில். எல்லையில் வேலை பார்த்தவர், ஒரு மனு போடாததால் கோர்ட்டு வாசலில் நிற்கலாமா? பெட்டி கட்டும் முன் கலெக்டர் ஆபீசுக்கு ஒரு நடை போய் வாங்க.