ஒரு பாட்டில் குளுக்கோசும் சமூகநீதியும்

தென்காசி மாவட்டத்தில் பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அம்மாவுக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை அரசு மருத்துவமனையில் நடந்தது. முந்தின நாள் இரவு சாப்பிட்டதோடு சரி; முறை வர மறுநாள் பதினொரு மணி. முதுகில் ஊசி போடுவதற்கு முன்னால் மயக்க மருத்துவர் ஒரு சின்ன ஸ்கேன் கருவியை மேல்வயிற்றில் வைத்துப் பார்த்தாராம். நீர்ச்சத்து போதவில்லை என்று இன்னொரு பாட்டில் ஏற்றிவிட்டுத்தான் ஊசி போட்டாராம்.

"வயித்துல பிள்ளையா இருக்கு, எதுக்குல ஸ்கேன் எடுத்தாரு?" என்று அம்மா கேட்டார்.

அவர் பார்த்தது, இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் பெருஞ்சிரையை. உடலில் நீர் குறைந்தால் அது மெலிந்துபோகும். மூச்சை இழுக்கும்போது பாதிக்கு மேல் சுருங்கும். முதுகில் ஊசி போட்டதும் கால்களின் ரத்தக்குழாய்கள் தளர்ந்து, ரத்த அழுத்தம் இறங்கும். வறண்ட உடலுக்கு அது ஆபத்து. பயந்து அதிகமாக ஏற்றினாலும் ஆபத்துதான். பலவீனமான இதயம் என்றால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ரத்தசோகை உள்ளவரின் ரத்தம் மேலும் நீர்த்துப்போகும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு.

இந்தக் கருவியும் எல்லா நேரமும் சரியாகச் சொல்லிவிடாது. நிறைமாதக் கர்ப்பிணிக்குக் கருப்பையே அந்தச் சிரையை அழுத்தும். ஆகவே கருவியைவிட, அதைப் படிக்கத் தெரிந்த மருத்துவர் முக்கியம். அவர் நம் ஊருக்கு எப்படி வந்தார்?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு, அரசு மருத்துவர்களுக்கான 50 விழுக்காடு ஒதுக்கீட்டில் மேற்படிப்பு முடித்து வந்தவர் அவர். அந்த ஒதுக்கீடு 2017இல் இந்திய மருத்துவக் கழக விதியைக் காட்டிப் பறிக்கப்பட்டது. மருத்துவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அதை வழங்கும் உரிமை மாநிலத்துக்கு உண்டு என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னது 2020 ஆகஸ்ட் 31இல்.

ஒதுக்கீடு வந்தால் தரம் போய்விடும் என்பவர்களுக்கு ஒரே கேள்வி: நீட் தரவரிசையில் முன்னால் நின்று, பெருநகரத் தனியார் மருத்துவமனைக்குப் போய்விட்டவரின் திறமையால் என் அம்மாவுக்கு என்ன பயன்? கிராமத்து நோயாளியின் பக்கத்தில் நிற்காத தரம் யாருக்கான தரம்?

நாம் கேட்க வேண்டியவை எளியவை. மாவட்ட, வட்ட அரசு மருத்துவமனைகளின் அறுவை அரங்குகளுக்கென்று தனி ஸ்கேன் கருவி வேண்டும். பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் தேவையான சட்டம். அதன்படி முறையாகப் பதிவு செய்தே கொடுக்கட்டும். மயக்க மருத்துவர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கக் கூடாது. அந்த 50 விழுக்காட்டில் யாரும் கை வைக்கக் கூடாது.

பாளையங்கோட்டை ஐகிரவுண்டுக்கு ஆம்புலன்சில் ஓடும் நேரத்தில், உயிர் காத்திருக்காது தோழர்களே.