கொடைக்கானல் டூர் போறீங்களா? இதயத் துடிப்பு மாத்திரையை திடீரென நிறுத்தினால் என்ன ஆகும்?

இ-பாஸ் எடுத்தாச்சு, ரூம் புக் பண்ணியாச்சு. சரி, மாத்திரை எடுத்து வச்சாச்சா?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, 2024 மே 7 முதல் கொடைக்கானல் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடை சீசனில் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என வரம்பும் வந்தது. வண்டிகளைக் கணக்கெடுக்க இ-பாஸ் இருக்கிறது. ஆனால் அதிவேக இதயத் துடிப்புக்கு 'பீட்டா பிளாக்கர்' சாப்பிடுபவர்கள், தங்கள் மாத்திரைக் கணக்கை தாங்களேதான் பார்க்க வேண்டும்.

பீட்டா பிளாக்கர் என்றால் என்ன?

பயந்தாலோ, ஓடினாலோ உடலில் அட்ரினலின் சுரந்து இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கும். அந்த அட்ரினலின் இதயத்தில் வேலை செய்யவிடாமல் தடுப்பவைதான் மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால், அட்டெனோலால் போன்ற மாத்திரைகள். இந்த வகையில் புகழ்பெற்ற ப்ரோப்ரனோலாலை 1960-களில் உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக், 1988-ல் நோபல் பரிசு பெற்றார்.

யாருக்குத் தேவை?

ஓய்வில் இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 துடிப்பு இயல்பு. அதைத் தாண்டினாலே இதய நோய் என்று அர்த்தமில்லை. காய்ச்சல், ரத்தசோகை, தைராய்டு கோளாறும் காரணமாகலாம். ஈசிஜி பார்த்துதான் டாக்டர் முடிவு செய்வார். 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்ற தாறுமாறான துடிப்பில், இந்த மாத்திரை வேகத்தை மட்டுமே குறைக்கும். ரத்தக்கட்டியைத் தடுக்காது. பக்கவாதத்தைத் தவிர்க்க பலருக்கு வேறு மருந்தும் தேவைப்படும்.

மலையில் என்ன சிக்கல்?

கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். கடலோர ஊர்களை விட, ஒவ்வொரு மூச்சிலும் சுமார் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் குறைவாகவே கிடைக்கும். அதை ஈடுகட்ட இதயம் வேகமெடுக்கும். மாத்திரை அந்த வேகத்துக்குக் கடிவாளம் போடுவதால், மேடு ஏறும்போது சீக்கிரம் களைப்பு வரலாம்.

"மாத்திரைதான் படுத்துது" என்று நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. நீண்ட நாள் தடுக்கப்பட்ட இதயம், அட்ரினலினுக்குக் கூடுதலாகத் துள்ளும். படபடப்பும் ரத்த அழுத்தமும் எகிறலாம். ரத்தக்குழாய் அடைப்பு இருப்பவர்களுக்கு மாரடைப்பு வரைக்கும் போகலாம். அந்த நேரத்தில் பெரிய மருத்துவமனைக்குப் போக, வத்தலக்குண்டு பக்கமோ பழனி பக்கமோ மலையிறங்கணும். சீசன் டிராஃபிக்கில் அது சுலபமில்லை.

அப்போ என்ன பண்ணணும்?

- பயண நாட்களை விட இரண்டு, மூன்று நாளுக்குக் கூடுதலாக மாத்திரை வையுங்கள். மருந்துச் சீட்டை போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.
- ஒருவேளை மறந்துவிட்டால், அடுத்த வேளை இரட்டிப்பாகப் போடாதீர்கள்.
- பழனி கோயிலுக்கும் போறீங்கன்னா, படிக்குப் பதில் வின்ச் அல்லது ரோப் காரில் செல்லலாம்.
- சர்க்கரை நோயாளிகளுக்கு: சர்க்கரை இறங்கினால் வரும் படபடப்பை இந்த மாத்திரை மறைத்துவிடலாம். திடீரென வியர்த்தால் சர்க்கரை அளவைப் பாருங்கள்.
- ஆஸ்துமா இருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள். அடுத்தவர் மாத்திரையை வாங்கிப் போடவே கூடாது.
- படபடப்புடன் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

மாத்திரை ஒத்துக்கவில்லை என்றாலும் நீங்களாக நிறுத்த வேண்டாம். அளவைப் படிப்படியாகக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்பதை டாக்டர் சொல்வார். அதைக் கேட்க சரியான நேரம், மலையேறுவதற்கு முன்புதான்.